வரப்புக்காரிங்க

— அதைக் கிள்ளிடாத அக்கா. கீழ பாரு, குண்டா ஒரு பிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. அது பெண் பூ.

— தெரியும்டா தம்பி. இதழைத்தான் விலக்கினேன்.

— படிச்சவங்க கையில கத்திரி இருந்தாலே எனக்கு பயம். ம், இப்ப அந்த ஆண் பூவோட காம்பைப் பிடி. நடுவுல வச்சு மெதுவாத் தடவு. மூணு சுத்து. அவ்வளவுதான், கல்யாணம் முடிஞ்சுது.

— இன்னிக்கு எத்தனை ஆச்சு?

— யாரு எண்ணினா? வெயில் ஏறினா பூசணிப் பூ மூடிக்கும், அதுக்குள்ள முடிச்சாப் போதும்னு ஓடிக்கிட்டு இருக்கேன். எண்ணுறது உன் பொழப்பு.

— நாப்பத்தொண்ணு. என் வரிசையில மட்டும்.

— சொன்னேன்ல. மூணு நாளா லீவு போட்டுட்டு வந்து தம்பி தோட்டத்துல பூவுக்குப் பூ தரகு வேலை பாக்குற. உங்க பூச்சிமருந்து ஆபீஸ்ல கேட்டா சிரிக்க மாட்டாங்க?

— முன்னாடியெல்லாம் இதை யாருடா செஞ்சா?

— வரப்புக்காரிங்க.

— யாரு?

— நான் வச்ச பேரு. இந்த வரப்பு மண்ணுல பொடிப் பொடியா ஓட்டை போட்டுக்கிட்டு இருக்குமே, அந்தத் தேனீங்க. பெட்டியில வளர்க்குற ஜாதி இல்ல. ராணி, படை, பட்டாளம் ஒண்ணும் கிடையாது. ஒவ்வொருத்தியும் தனிக்குடித்தனம். நான் பல் விளக்கிட்டு வர்றதுக்குள்ள பாதித் தோட்டத்தை முடிச்சிருப்பாளுங்க. கூலி கேட்டதில்ல, லீவு எடுத்ததில்ல. இப்ப வரப்பைப் பாரு. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. எல்லாம் என் கைங்கரியம்.

— அப்படிச் சொல்லாத.

— வேற எப்படிச் சொல்றது? போன வருஷம் பூச்சிமருந்து அடிச்சேன், கொடி முழுக்கப் பூவாப் பூத்துச்சு, பிஞ்செல்லாம் வெம்பி விழுந்துச்சு. உனக்குத்தான் முதல்ல போன் போட்டேன். நீயே சொன்னியே, 'அளவு கூடிருக்கும்டா, நீ எப்பவும் அவசரக்காரன்'னு.

— சொன்னேன்.

— நியாயமாத்தான் சொன்ன. என் தோட்டம் மட்டும் போயிருந்தாக் கூட மனசு ஆறும். இந்த வரப்புல இருந்துதான் சுத்திலும் ஏழு தோட்டத்துக்குப் போய்க்கிட்டு இருந்துச்சுங்க. வெள்ளரிக்காரருக்குக் காய் பிடிக்கல. சூரியகாந்தி போட்ட அம்மாவுக்குப் பாதிக்குப் பாதி பதரு. என்ன பண்றது, ஏழு வீட்டுக்கும் போனேன். வாசல்ல நின்னு, 'மருந்தை அளவு தெரியாமக் கலந்துட்டேன், மன்னிச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன்.

— ஏழு வீட்டுக்குமா?

— வெள்ளரிக்காரர் மட்டும் ஒத்துக்கல. 'உன் மேல தப்பில்லப்பா, மருந்தே கோளாறு. அதைப் பரிசோதிக்கிற ஆபீஸ்ல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறாங்க'ன்னாரு. எனக்கு வந்துச்சே கோபம். 'எங்கக்கா அங்கதான் இருக்கா, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு எண்ணுவா, அவ சரின்னா சரி'ன்னு சொல்லிட்டேன். ஏன் அக்கா நின்னுட்ட? தலை சுத்துதா? அந்த நிழல்ல உட்காரு.

— தலையெல்லாம் சுத்தல. நீ பூவைக் கீழ வை. ஒண்ணு சொல்லணும். அந்த மருந்தைப் பரிசோதிச்சது நான்தான்.

— அதான் தெரியுமே. டப்பாவுலயே போட்டிருக்கு, 'தேனீக்களுக்குக் கேடில்லை'ன்னு. வீட்டுக்காரிகிட்ட அதைக் காட்டிப் பெருமையா வேற பேசினேன்.

— சரியாச் சொல்லணும்னா, பெட்டித் தேனீக்குக் கேடு கம்மி. அதை மட்டும்தான் நான் எழுதினேன். பெட்டிக்கு முன்னாடி வெள்ளைத் துணி விரிப்போம். அதுல செத்து விழுறதை மூணு நாள் எண்ணுவோம். மருந்து அடிச்சது சாயங்காலம். அந்த நேரம் அதுங்க பெட்டிக்குள்ள போயிடும். அதனால கொஞ்சம்தான் விழுந்துச்சு.

— அப்ப நல்லதுதான?

— மண்ணுல குடியிருக்கிறது எந்தப் பெட்டிக்குள்ள போகும்? மருந்து இறங்குற மண்ணுதான் அதுக்கு வீடு. பிள்ளைக்குச் சோத்தை உருட்டி வைக்கிறதும் அங்கதான்.

— நீ அதைப் பார்த்தியா?

— பார்த்தேன். நாலாம் நாள். எண்ணிக்கை முடிஞ்சுது, விட்டுட்டு வந்த குடையை எடுக்கத்தான் திரும்பப் போனேன். அந்தச் சோதனைத் தோட்டத்து வரப்புல ஒண்ணு கால் நிறையப் பூத்தூளோட வந்து இறங்குச்சு. ஒரு ஓட்டைக்குள்ள போச்சு, வெளிய வந்துச்சு. அடுத்ததுக்குப் போச்சு, அதுவும் இல்ல. அதோட வீடு அதுக்கே தெரியல. சாகல பாரு. தேடிக்கிட்டே இருந்துச்சு. சாவை எண்ணுற இடத்துல அது எப்படி வரும்?

— அது ஒண்ணுதானா?

— பதினேழு. எண்ணினேன். எழுதல.

— ஏன்?

— படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல.

— கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதுறது. பள்ளிக்கூடத்துல பரீட்சைப் பேப்பரோட நாலு ஓரத்தையும் நிரப்பி வச்சுட்டு வருவியே.

— மேலதிகாரிகிட்ட கேட்டேன். 'கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்கம்மா'ன்னாரு. என் வேலை நிரந்தரமாகுற மாசம் அது. அவரைச் சொல்லிக் குத்தமில்ல தம்பி. பேனா என் கையில இருந்துச்சு.

— இரு அக்கா. அப்ப நான் போன் போட்டப்போ?

— 'வரப்புல ஒண்ணையும் காணோம்'னு நீ சொன்ன உடனே தெரிஞ்சு போச்சு. நீ எவ்வளவு கலந்தன்னு கூட நான் கேக்கல. கேட்டா நீ சரியான அளவைச் சொல்லிடுவியோன்னு பயம்.

— பத்து லிட்டர் தண்ணிக்கு ரெண்டு மூடி. வீட்டுக்காரி பக்கத்துல நின்னு டப்பாச் சீட்டைப் படிச்சா, நான் ஊத்தினேன். நீ 'கூடிருக்கும்'னு சொன்ன அன்னிக்கே அவ சொன்னா, 'இல்லீங்க, சரியாத்தான் ஊத்துனீங்க'ன்னு. எரிஞ்சு விழுந்தேன். எங்கக்காவை விட உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். அப்புறம் அவ வாயைத் திறக்கல. நானும் என் கண்ணால பார்த்ததைத் தூக்கிப் போட்டுட்டு, நீ சொன்னதை வச்சுக்கிட்டேன்.

— திட்டுடா.

— வாய் வரல.

— ரெண்டு அறை விட்டாலும் வாங்கிக்கிறேன். எனக்கு உன் முகத்தைப் பார்க்க முடியல.

— ஒரு வருஷமா நான் இந்தத் தெருவுல யாரு முகத்தையும் பார்க்கல. கடைக்குப் போனாக் கூடத் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

— வந்த அன்னிக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். நீ சோறு போட்டு உட்கார வச்சுக்கிட்டு, அக்கா வந்திருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்த. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு மூணு நாளைத் தள்ளிட்டேன். நேத்துத்தான் துணிஞ்சு ஆபீசுக்கு எழுதி அனுப்பினேன். பதினேழையும் எழுதிட்டேன். வேலை போனாப் போகட்டும். வா, இப்பவே வெள்ளரிக்காரர் வீட்டுக்குப் போலாம். தம்பி மேல தப்பில்லன்னு என் வாயால சொல்றேன். ஏழு வீட்டுலயும் சொல்றேன்.

— இப்ப வேணாம் அக்கா.

— ஏன், இன்னும் உன் மேல கோபமா இருக்காங்களா?

— கோபம் எப்பவோ போயிடுச்சு. வாசல்ல வந்து தப்பை ஒத்துக்கிட்டவன்னு இப்பத்தான் கொஞ்சம் மரியாதையே.

— அப்ப நல்லதாப் போச்சு. நீ சொன்னாக் கேட்பாங்க. இந்த மருந்தை இனி யாரும் தொட வேண்டாம்னு சொல்லிடலாம். ஓடைக்கு அந்தப் பக்க வரப்புல இன்னும் கொஞ்சம் இருக்குன்னு நேத்துக் காலையில காட்டினியே, அதுங்களையாவது காப்பாத்திடலாம்.

— நீ சொன்னதைத்தான் அக்கா நான் ஏழு வீட்டுலயும் சொன்னேன். மருந்து நல்ல மருந்து, அளவுலதான் தப்புன்னு. அவங்களும் நம்பினாங்க.

— அதனால என்னடா? மாத்திச் சொல்லிக்கலாம்.

— போன வாரம் எல்லார் தோட்டத்துலயும் பூச்சி விழுந்துச்சு. அதே மருந்தை வாங்கினாங்க. எனக்கு வந்தது அவங்களுக்கு வரக் கூடாதேன்னு, நேத்து சாயங்காலம் நீ தபாலாபீஸ் போயிருந்தப்போ, ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ளதையும் சேர்த்து ஏழு தோட்டத்துக்கும் நானே போய் ரெண்டு ரெண்டு மூடியா அளந்து ஊத்திக் கொடுத்து, அடிக்க வச்சுட்டு வந்தேன்.