தடிமனான பிரைமர்

இல்ல தம்பி, அது வேணாம். அது மெல்லிசு, துப்பாக்கியோட சுத்தியல் லேசா விழுந்தாலே பத்திக்கும். எனக்கு ரைஃபிள் தோட்டாவோட அடியில வச்சு மருந்தப் பத்த வைக்கற பிரைமர் குடு. சின்ன அளவு. ஆமா, என் ரிவால்வர் தோட்டாவுக்குத்தான். தெரிஞ்சுதான் கேக்கறேன், டட்லி. நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து வீட்டுலயே தோட்டா கட்டறவன் நான். எனக்கே பாடம் எடுக்கறியா?

சரி, சொல்லு, கேக்கறேன். ம்ம். ஆமா, ரைஃபிள் பிரைமர்ல தகடு தடிமன். என் துப்பாக்கியில ஸ்பிரிங்க நானே வெட்டி லேசாக்கி வச்சிருக்கேன், சுடற போட்டியில விசை வெண்ணெயாட்டம் வரணும்னு. இந்தப் பக்கத்துல சுடப் போற கிறுக்கனுங்க எல்லாரும் செய்யறதுதானே. அதனால சுத்தியல் மெதுவாத்தான் விழும், டிக்குன்னு ஒரு சத்தம் வரும், வெடிக்காது. அதுக்கென்ன இப்ப? ஏன் அப்படி முழிக்கற?

புது ஸ்பிரிங்கா? காசில்லாம மாட்டித் தரியா? இந்தக் கடைய நடத்தின உங்கப்பன் இதக் கேட்டிருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பான். வேணாம்ப்பா. பிரைமர எடு.

போட்டிக்கு இந்த வருசம் போகல. என் வீட்டுக்காரி வெர்னாவா? அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா, பாய்சி டவுனுக்கு. போகமாட்டேன்னுதான் சொன்னா, நாந்தான் போ போன்னு வெரட்டி விட்டேன்.

மாடா? உனக்குத் தெரியாதா? ஊரே பேசுதே. ஏதோ நோய்னு சொல்லி கவர்மென்ட்டுல என் மொத்த மந்தையையும் அழிக்கணும்னுட்டாங்க. சினை மாடு, கன்னு, ஒண்ணு விடல. நாந்தான் லாரியில ஏத்திவிட்டேன். வேற யாரு கூப்பிட்டாலும் ஏறாதுங்க. நான் விசிலடிச்சேன், வந்துச்சுங்க. தீனி போடப் போறேன்னு நெனச்சு வரிசையா ஏறுச்சுங்க தம்பி.

அப்புறம் சர்ச்சுப் பொம்பளைங்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்தாங்க. சாவு வீட்டுக்குக் கொண்டு வர்ற அதே உருளைக்கிழங்கும் சீஸும். வெர்னா வாங்கி வச்சா. எனக்கு எறங்கல.

இப்பவும் இருட்டோட எந்திரிச்சுடறேன். வைக்கோல் உருண்டைய டிராக்டர்ல தூக்கிட்டு மேய்ச்சல் நெலத்துக்குப் போறேன். பனியில ஒரு குளம்புத் தடம் கெடையாது. கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்படியே திருப்பி ஓட்டிட்டு வர்றேன். யார்கிட்டப் போயி இதச் சொல்றது, சிரிப்பானுங்க.

பேச்ச மாத்தாத. எடு அந்த டப்பாவ.

என்ன சொன்ன? எப்பவாவது ஒண்ணு வெடிச்சிருமா? அவ்வளவு லேசான ஸ்பிரிங்லயுமா? நீ சுட்டப்பவே வெடிச்சுதா? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு, வேற பிரைமரா இருக்கப் போகுது.

இதேதானா. ச்சே.

அப்ப இது எனக்கு ஆகாது. எடுத்து உள்ள வை.

இல்ல, அடுத்த டப்பாவும் வேணாம். எதையும் காட்டாத. நான் வேற கணக்குப் போட்டு வந்தேன். மொன்டானாக்காரன் நான், கடையில ரெடிமேட் தோட்டா வாங்கறதாவதுன்னு திமிரு எனக்கு, உனக்கே தெரியும், நான் கட்டினத மட்டுந்தான் சுடுவேன். இருந்த பழைய தோட்டாவையெல்லாம் போன வாரம் பிரிச்சுப் போட்டுட்டேன். இனிமே கட்டறத வெடிக்காததாக் கட்டி வச்சிட்டா, துப்பாக்கி அது பாட்டுக்கு டிராயர்ல கெடக்கும். துப்பாக்கி எங்கன்னு வெர்னா கேக்க மாட்டா. நானும் எவன்கிட்டயும் வாயத் தொறக்க வேண்டியதில்லன்னு நெனச்சேன். நீ அதையும் கெடுத்துட்ட.

பின்னாடி ரூம்ல பெரிய இரும்புப் பெட்டி வச்சிருக்கியே, அதுல எடமிருக்கா? ஊருக்குப் போறவனுங்க துப்பாக்கிய உன்கிட்ட விட்டுட்டுப் போவானுங்கள்ல, அது மாதிரிதான். இந்தா, கோட்டுக்குள்ளயே இருக்கு. காலிதான், தொறந்து பாத்துக்கோ. ஒண்ணுமில்ல டட்லி, சாயந்திரம் ஆனா கை தானா அந்த டிராயருக்குப் போகுது. நேத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பயந்துட்டேன்ப்பா.

கடைய ஏன் மூடற? சரி, மூடிக்கோ. காப்பி இருந்தா குடு. வெர்னாவுக்கு நீயே போன் போடு, எனக்குச் சொல்ல வராது.

ரசீதெல்லாம் எதுக்கு. நானே வந்து நின்னு கேட்டாலும் அதக் குடுக்காத. கத்துவேன், உங்கப்பன இழுத்துத் திட்டுவேன். நல்லா சிரிச்சுப் பேசிக் கேட்டாலும் குடுக்காத.