பெட்டி அண்ணன் திறக்காமல் விட்ட ஐந்து ஜோடிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பேருந்துப் பணிமனை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அன்பு அண்ணி அவர்களே, ஞாயிறு தவறாமல் இந்த அச்சக மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வரும் ஒலிப்பெட்டி வட்டத்து நண்பர்களே, அண்ணன் செய்த ஸ்பீக்கர் வீட்டில் பாடுகிறது என்ற ஒரே சொந்தத்தில் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! இந்த வட்டத்தின் செயலாளர், தொழிலில் தச்சன், உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் அழுதுகொண்டே பேசுவேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அழுகையெல்லாம் போன வாரமே தீர்ந்துவிட்டது. இன்று எனக்குப் பரபரப்பாக இருக்கிறது. நம் பெட்டி அண்ணன் கடைசி மூன்று மாதத்தில் ஒரு காரியம் செய்தார். அதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்!

யார் இந்தப் பெட்டி அண்ணன்? முப்பது ஆண்டுகள் பணிமனையில் பேருந்துகளுக்கு மின்சார வேலை பார்த்தவர். தூக்கி எறிந்த டிவியிலிருந்து உள்ளங்கை அகல ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தால், புதையல் கிடைத்தவர் போலச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவர். விலை உயர்ந்த பெட்டிகளில் தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ஒன்று என்று தனித்தனியாக ஸ்பீக்கர் இருக்கும். அண்ணன் பெட்டியில் ஒன்றே ஒன்றுதான். மத்தளமும் அதே, புல்லாங்குழலும் அதே! மலிவான ஸ்பீக்கரிடம் எல்லா வேலையையும் கொடுத்தால் என்ன ஆகும்? உச்சத்தில் கத்தும், அடியில் மெலிந்துபோகும். அதைச் சமப்படுத்துவதுதான் அவர் வித்தை.

நான் முதன்முதலாக இந்த மாடிக்கு வந்த ஞாயிறு நினைவிருக்கிறது. பத்து நாள் இழைத்து, மெருகேற்றி, முகம் பார்க்கலாம் என்ற அளவுக்குப் பளபளப்பாக ஒரு ஜோடி கொண்டுவந்தேன். எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். அண்ணன் பாதிப் பாட்டு கேட்டார். “பெட்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்குப்பா. ஆனா பாடுறவர் ஏன் மூக்கைப் பிடிச்சிக்கிட்டுப் பாடுறாரு?” என்றார்.

மானம் போயிற்று! ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் பெட்டியைத் திறந்து, ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியின் நடுவில் காயில் என்னும் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றையும் அதன் பக்கத்திலேயே ஒரு எட்டு ஓம் ரெசிஸ்டரையும் பற்றவைத்தார். தாழ்ந்த ஒலி காயில் வழியாகச் சுகமாகப் போய்விடும். உயர்ந்த ஒலி ரெசிஸ்டரில் இடித்து அடங்கித்தான் போக வேண்டும். ஓம் கூடக் கூட இன்னும் அடங்கும். “சத்தம் கொஞ்சம் குறையும், பரவாயில்ல. கத்துறவன அடக்கினாத்தான் மெதுவாப் பேசுறவன் என்ன சொல்றான்னு கேக்கும்” என்றார். போட்டுக் காட்டினார். அய்யோ! என் பெட்டிக்குள் அவ்வளவு நேரம் ஒரு மத்தளம் இருந்தது எனக்கே தெரியாது!

அன்று முதல் அவர் ஒலி, நான் மரம். ஊர் முழுக்க எத்தனை வீடுகள்!

நண்பர்களே, இனி சொல்லப்போவது நமக்குக் கொஞ்சம் வலிக்கும். நம் வட்டத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார், அதோ தூணருகில் நிற்கிறார். ஒலியை அளக்கும் மைக் ஒன்றை அவர் வாங்கி வந்தார். அண்ணன் தொடவே இல்லை. “மைக்கா உக்காந்து பாட்டு கேக்கப் போவுது? காதுதானே கேக்கப் போவுது!” என்றார். நாம் கைதட்டினோம். மைக்கை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். வட்டமே அவர் காதை நம்பி நடந்தது.

அந்தக் காது மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தது. உயர்ந்த ஒலிகள் அவருக்கு எட்டவில்லை. எட்டாததால், ஒலி மங்கலாக இருக்கிறது என்று நினைத்து ரெசிஸ்டரைக் குறைத்தார். எட்டு ஓம் ஆறாயிற்று, நான்காயிற்று, இரண்டாயிற்று. போன ஆண்டு செய்த பதினான்கு ஜோடிகளும் கீச்சென்று கத்தின. ஞாயிறுதோறும் “எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டார். நாம் என்ன சொன்னோம்? “அருமை அண்ணே!” என்றோம். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவன் நான்.

உண்மையைச் சொன்னது யார்? நம் அண்ணி! வீட்டில் தன் தையல் இயந்திரத்துக்கு எதிரே இருக்கும் ஜோடிக்கு, கம்பளித் துணியை மூன்றாக மடித்து முகத்தோடு சேர்த்து உறை தைத்து மாட்டிவிட்டார்.

“என்ன இது, பெட்டிக்குக் குளிருதா?” என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

“பெட்டிக்குக் குளிரலீங்க. எனக்குத்தான் காது குத்துது. எட்டு மாசமாக் குத்துது.”

மறுநாளே காது மருத்துவரிடம் போனார். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைச் சீட்டை இந்த மேசைமேல் வைத்து, “உங்களுக்கெல்லாம் கேட்டுச்சா இல்லையா?” என்று கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தோம். “சரி விடுங்க, வேலையப் பாப்போம். தம்பி, அந்த மைக்கக் கொஞ்சம் எடுத்துட்டு வா” என்றார்.

அறுபத்தெட்டு வயதில், வட்டமே தலையில் தூக்கி வைத்திருந்த மனிதர், எல்லோர் முன்னாலும் அந்த மைக்கைக் கேட்டு வாங்கினார்! நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

அதோடு நின்றாரா? பதினான்கு வீட்டு முகவரியையும் எழுதிக்கொண்டார். பற்றவைக்கும் சால்டரிங் அயனைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். “என் காது தப்புப் பண்ணிடுச்சு, உக்காருங்க, இனிமே உங்க காதுதான் கணக்கு” என்று வீட்டுக்காரர்களை உட்கார வைத்தார். மைக்கில் ஒருமுறை அளந்துகொண்டு, ரெசிஸ்டர்களைக் கிளிப்பில் ஒவ்வொன்றாக மாட்டி, “இது சுகமா இருக்கா, அது சுகமா இருக்கா?” என்று கேட்டுக் கேட்டு, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் பற்றவைத்தார்.

இரண்டாம் வாரம் எனக்குப் போன் வந்தது. ஒரே கூச்சல்! “டேய் தச்சா! ஒரே பெட்டி, ஒரே ஸ்பீக்கர்டா! வயலின் டீச்சர் வீட்டுல திரை இல்ல, விரிப்பு இல்ல, வெறும் சுவரு, சத்தம் முட்டித் திரும்புது. அங்க பத்து ஓம் தேவைப்படுது. சலூன்ல நாற்காலியும் திரையுமா இருக்கு, அங்க ஆறே போதும்! முப்பது வருஷமா எல்லா வீட்டுக்கும் எட்டு எட்டுன்னு போட்டிருக்கேன்டா, முட்டாப்பய!”

தன்னை முட்டாள் என்று இத்தனை சந்தோஷமாகத் திட்டிக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை! நண்பர்களே, அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த பெட்டிகள் எவை தெரியுமா? அவரால் முழுசாகக் கேட்க முடியாத அந்தப் பெட்டிகள்தான்! சந்தேகம் இருந்தால் டீச்சர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், சலூனுக்குப் போய்க் கேளுங்கள்!

ஒன்பது ஜோடி முடித்தார். பத்தாவது வீட்டுக்குப் புறப்பட்டு, வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஐந்து ஜோடி மிச்சம்.

அந்த ஐந்தில் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. அவர் போவதற்கு நான்கு நாள் முன்பு போனில் கேட்டார், “உன் வீட்டுக்கு எப்பப்பா வரட்டும்?” என்று. “நம்ம வீட்டுல நல்லாத்தான் இருக்குண்ணே, மத்தவங்களப் பாருங்க” என்றேன். மூன்று மாடி ஏறி வருவாரே என்ற கவலை பாதி. போன வருஷம் சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ள வெட்கம் மீதி. அவர் லேசாகச் சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

இன்று காலை அண்ணி அவருடைய நோட்டை என் கையில் கொடுத்தார். மிச்சமிருக்கும் ஐந்து வீட்டையும் பற்றி அதில் குறித்து வைத்திருக்கிறார். என் பெயருக்கு நேரே எழுதியிருப்பதை அப்படியே படிக்கிறேன். “தச்சன் வீடு. விரிப்பு இல்லை. பெரிய கண்ணாடி ஜன்னல். இவன் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான். இவன் பொண்டாட்டியைக் கேட்கணும்.”

சிரியுங்கள், பரவாயில்லை! நானும் சிரித்தேன். பிறகு அண்ணன் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த என் வீட்டுக்காரியிடம் கேட்டேன். “நீங்க வேலைக்குப் போனதும் அத அணைச்சிடுவேன். தலை வலிக்குது. உங்க அண்ணன் ஆசையாச் செஞ்சு குடுத்ததாச்சே, எப்படிச் சொல்றது?” என்றாள். பார்த்தீர்களா, பாசத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அவரை ஏமாற்றியிருக்கிறோம்!

ஆகவே இந்த வட்டத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன். ஐந்து ஜோடியும் இந்த மாதத்துக்குள் திறக்கப்படும். தம்பி மைக்கோடு வருவார், நான் அயனோடு வருவேன். வீட்டில் இருப்பவர்கள் தலையாட்டாமல் எதையும் பற்றவைக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை யார் பெட்டி கொண்டுவந்தாலும், அது நம் வட்டத்துத் தலைவர் பெட்டியே ஆனாலும், கேட்டதைக் கேட்டபடி முகத்துக்கு நேரே சொல்வோம்! இதற்குச் சம்மதிப்பவர்கள் கைதூக்குங்கள். பின்வரிசையும் தூக்குங்கள்! சரி.

முதலில் யார் சொல்வது? நானே சொல்கிறேன்.

அண்ணே, என் வீட்டுப் பெட்டி நல்லா இல்லண்ணே. நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும். நாளைக்குக் காலைல திறந்துடுறேன்.