பதினோரு பேர் போகிற பஸ்

புள்ளிவிவரம்னு நான் ஆரம்பிச்சதுமே பின்வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விட்டாங்க. பார்த்துட்டேன்! பரவாயில்லை. அதை ஓரமா வச்சுட்டு உங்களுக்கு ஒரு பஸ் கதை சொல்றேன். குட்டிக் கதைதான்.

தெற்கே மேலப்புளியூரணின்னு ஒரு ஊர். அங்கிருந்து டவுனுக்குக் காலையில ஆறு நாற்பதுக்கு ஒரு பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கூட்டம்னா எப்படிப்பட்ட கூட்டம்? ஒருத்தர் தும்மினா பக்கத்துல நாலு பேர் குலுங்கணும்... அப்படி.

அந்த பஸ்ஸுலதான் ஜெபக்கனி வேலைக்குப் போறாங்க. டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை. ஏழரைக்குக் கையெழுத்து. மாசத்துல மூணு நாள் தாமதமானா, ஒப்பந்தக்காரர் வேற ஆள் பார்த்துடுவார். வீட்டுல சம்பாதிக்கிறது அவங்க ஒருத்தர்தான். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? எட்டேகாலுக்கு! அப்போ ஆறு நாற்பது பஸ் போச்சுன்னா... வேலையும் போச்சு.

ஒருநாள் பஸ் ஸ்டாப்புல ஒரு நோட்டீஸ். 'போதிய பயணிகள் இல்லாததால் அடுத்த மாதம் முதல் காலை 6.40 நடை நிறுத்தப்படும்.'

போதிய பயணிகள் இல்லையா! பெண்களுக்கு வந்ததே கோபம். இருபது பேர் சேர்ந்து டெப்போவுக்கே போயிட்டாங்க.

மேனேஜர் ஒரு தாளை எடுத்து மேசை மேல வைக்கிறார். "பாருங்கம்மா. ஒரு நாளைக்குச் சராசரி பதினோரு டிக்கெட். பதினோரு பேருக்கு ஒரு பஸ் விட முடியுமா?"

"பதினொண்ணா? எங்க தெருவுல மட்டும் பதினஞ்சு பேரு ஏறுதோம் சார்!"

"நூறு பேரு போறோம் சார்!"

இசக்கியம்மாள்னு ஒரு அக்கா, பின்னாலிருந்து ஒரே போடு: "எரநூறு பேரு சார்!"

மேனேஜர் சிரிச்சுட்டார். "எரநூறா? டயர் மேல உக்காந்து வந்தீங்களாம்மா?"

கூட வந்தவங்களும் சிரிச்சுட்டாங்க. கவனிங்க... அவங்க குறை உண்மையான குறை. ஆனா அதுல ஒரு பொய் சேர்ந்துச்சு பாருங்க, அதோட உண்மையையும் கேட்க ஆள் இல்லை.

ஜெபக்கனி மட்டும் அந்தத் தாளையே பார்த்துட்டு நிக்கிறாங்க. "சார்... இந்தப் பதினொண்ணு எங்கருந்து வந்துச்சு?"

"கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை வச்சுத்தான். எல்லாரும் டிக்கெட் வாங்குறீங்கல்ல?"

இசக்கியம்மாள் மெதுவா கேட்கிறாங்க: "ஓசி பஸ்ஸுக்கு என்னத்துக்கு சார் டிக்கெட்டு?"

இப்ப புரியுதா? கண்டக்டர் ஆறுமுகநயினார் கூட்டத்துல நீந்தி வந்து, "டிக்கெட் வாங்கிக்கோங்கம்மா"ன்னு பெண்களுக்கான காசில்லாத டிக்கெட்டை நீட்டுவார். இவங்க, "விடுங்க அண்ணாச்சி, வாங்கி கீழதான போடப் போறோம்"பாங்க. அவரும் விட்டுடுவார். காசு கொடுத்துப் போற ஆண்கள் பதினோரு பேர். தாளுல அவங்க மட்டும்தான் இருக்காங்க. பெண்கள் அத்தனை பேரும் பஸ்ஸுல இருந்தாங்க... தாளுல இல்லை. அவங்களை யார் அழிச்சா? அவங்களேதான்!

மேனேஜர் சொன்னார்: "மாசம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. தாளுல காட்டுங்க. நான் மேலிடத்துக்கு எழுதறேன்."

மறுநாள் பஸ்ஸுல கண்டக்டர் நகரவே வேண்டாம். டிக்கெட் கை மாறி, கை மாறிப் பின்சீட் வரைக்கும் போகுது. அப்ப இசக்கியம்மாளுக்கு ஒரு யோசனை. "அண்ணாச்சி, ஆளுக்கு மூணா கிழிங்க. எரநூறைக் காட்டிருவோம்!"

பஸ்ஸே கைதட்டுது. நியாயமா யார் முதல்ல கைதட்டியிருக்கணும்? ஜெபக்கனி. வேலை போனா அவங்களுக்குத்தானே போகும்? ஆனா அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா?

"வேண்டாம் மைனி. நாளைக்கு செக்கர் ஏறி எண்ணுனா, மூணு டிக்கெட்டுக்கு ஒரு தலைதான இருக்கும்? பொறவு நாம உள்ளதைச் சொன்னாலும் நம்ப மாட்டாவ."

"உள்ளது பத்தலைன்னா என்னட்டி செய்வ?"

"பத்தலைன்னா... எட்டேகால் பஸ்ஸுக்குத் தக்கன வேற வேலை பாக்கேன். பொய்யில ஓடுற பஸ்ஸு எத்தனை நாளைக்கு ஓடும்?"

செக்கர் வந்தாரா? வந்தார். பத்தாம் நாள். தலைகளை எண்ணினார், அறுபத்திரண்டு. டிக்கெட்டை எண்ணினார்... அறுபத்திரண்டு!

மாசக் கடைசியில நோட்டீஸைக் கிழிச்சுட்டாங்க. பஸ் ஓடுது. ஜெபக்கனி ஏழரைக்குக் கையெழுத்துப் போடறாங்க. "இத்தனை பேருக்கு உட்கார இடம் இல்லையே, இன்னொரு பஸ் விடுங்க"ன்னு இப்ப கேட்டுட்டிருக்காங்க. வந்துச்சா? இன்னும் வரலை. ஆனா தாளோட போறவங்களுக்கு டெப்போவுல இப்ப நாற்காலி போடறாங்க.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? வர்ற ஞாயிற்றுக்கிழமை நம்ம வாசகர் வட்டத்துப் பிள்ளைங்க படிவத்தோட வீடு வீடா வரப் போறாங்க. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருது, பிள்ளைங்க யாராவது படிப்பை நிறுத்திட்டாங்களான்னு கேட்பாங்க. "நாம சொல்லி என்ன ஆகப் போகுது"ன்னு கதவைச் சாத்தினா, நம்ம தெருவுல குறையே இல்லைன்னுதான் அந்தப் படிவம் சொல்லும். கௌரவத்துக்காக "மகள் படிக்கிறா"ன்னு சொல்லிட்டீங்கன்னா, அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட யார் வருவாங்க? கோபத்துல, நாலு நாள் வராத தண்ணியை நாற்பது நாள்னு சொன்னா... அந்த நாலு நாளையும் யாரும் நம்ப மாட்டாங்க.

ஒரு வீட்டுக் குறையைத் தனியா சொன்னா புலம்பல்னு சொல்வாங்க. நானூறு வீட்டுக் குறையைச் சரியா எழுதி, நாம எல்லாரும் சேர்ந்து கொண்டுபோய் வச்சா, அதுக்கு யாராவது பதில் சொல்லியே ஆகணும்.

அதனால ஞாயிற்றுக்கிழமை வீட்டுல இருங்க. அந்தப் பிள்ளைங்க வெயில்ல வருவாங்க, உட்கார வைங்க. மோர் இருந்தா குடுங்க. அப்புறம்... கூட்டாம, குறைக்காம, உள்ளதைச் சொல்லுங்க.