சிவப்புக் கோட்டுக்குள்

ஆற்றில் மோட்டார் லாஞ்சு ஓட்டுகிறவன் முன்னால் பார்த்தால் மட்டும் போதாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அடிக்கடி பின்னாலும் திரும்பிப் பார்க்க வேண்டும். லாஞ்சு கிளப்பிவிட்டுப் போகும் அலைக்கும் அவன்தான் பொறுப்பு. இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

என் பெயர் தியாகராசா. கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறேன். கிராண்ட்பாஸ் இறங்குதுறையிலிருந்து ஆற்றின் மேல்பக்கத்தில் உள்ள மில்லுக்கு அதன் துரையையும் சாமான்களையும் கொண்டுபோகும் லாஞ்சு என் கையில் இருந்தது. உலகச் சண்டை தொடங்கிய பிறகு களனி கங்கையில் லாஞ்சுகள் கூடிவிட்டன. அதனால் மணிக்கு ஏழு மைலுக்கு மேல் போகக் கூடாது என்று கரையில் பலகை நட்டார்கள். நான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விசைப்பிடியின் பக்கத்தில், ஏழு மைல் வருகிற இடத்தில், சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். துரை நேரமாகிறது என்று கத்தினாலும் பிடி அந்தக் கோட்டைத் தாண்டாது. மற்ற லாஞ்சுக்காரர்கள் என்னை மாட்டுவண்டி என்று கேலி செய்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ராசிக் பேலியகொடைப் பக்கத்தில் மணல் வள்ளம் வைத்திருந்தவன். மணல் ஏற்றிய வள்ளத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் நாலு விரல்கூட இருக்காது. அதனால் ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு. பாரம் ஏற்றிய வள்ளக்காரன் லாஞ்சைக் கண்டால் வள்ளம் தள்ளுகிற தன் கோலை நிமிர்த்திப் பிடிப்பான். லாஞ்சுக்காரன் தூரத்திலேயே விசையைக் குறைத்து, வள்ளத்தைத் தாண்டும்வரை ஊர்ந்து போக வேண்டும்.

கண்மண் தெரியாமல் வருகிறவனுக்கு அதைக் காட்டட்டும். ராசிக் எனக்கும் காட்டினான், அதுவும் துரை பார்க்க. சட்டப்படி வருகிறவனுக்கு என்ன கோல் என்று நான் குறைக்காமலே போனேன். ஒரு திங்கட்கிழமை அவன் வள்ளத்தில் தண்ணீர் ஏறி, பாதி மணலை ஆற்றிலேயே தள்ளவேண்டி வந்துவிட்டது. இடுப்பில் நனைந்த சாரத்தோடு இறங்குதுறைக்கு வந்து நின்றான்.

“பலகையில ஏழு மைலெண்டுதானே கிடக்கு,” என்றேன்.

“பலக தாழாது அண்ணே, என்ட வள்ளம் தாழும். கோலக் கண்டா மெல்லப் போங்க. வேற ஒண்டும் கேக்கல்ல.”

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். துரை, நேரமும் பிந்துகிறது, வம்பும் வருகிறது, அடுத்த மாதத்திலிருந்து லாஞ்சை ஜாபிர் எடுப்பான் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். ஜாபிர் துறைமுகத்தில் பேய் பிடித்தவன் மாதிரி ஓட்டுகிறவன். பிழைப்புப் போவதைக்கூடத் தாங்கியிருப்பேன். அவன் கை என் விசைப்பிடியில் படும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மெல்லப் போகச் சொன்னான் அல்லவா, மெல்லப் போவோம் என்று முடிவு செய்தேன்.

லாஞ்சு போகும்போது அதன் அலை பின்னாலேயே இழுபட்டு வரும். திடீரென்று விசையைக் குறைத்தால் லாஞ்சு தயங்கும், அலை தயங்காது. லாஞ்சைத் தாண்டி முன்னால் ஓடும். ஆழமில்லாத இடத்தில் இன்னும் உயர்ந்து எழும்பும். தூரத்திலேயே குறைக்க வேண்டும் என்பது அதனால்தான். வியாழக்கிழமை காலை, மில்லுக்குப் போகிற அரிசி மூட்டைகள் எல்லாவற்றையும் பின்பக்கத்தில் அடுக்கச் சொன்னேன். பின்பக்கம் தாழ்ந்தால் அலை பெரிதாக எழும். அன்றைக்குத் துரை வரவில்லை, லாஞ்சில் நான் மட்டும்தான்.

மணல்திட்டு வளைவில் ராசிக்கின் வள்ளம் எதிரே வந்தது. அன்றைக்கு அவன் மனைவி நஸீறாவும் கூட இருந்தாள். ஏதோ கலியாண வீட்டுக்குப் போலும். பச்சைச் சேலையில் முக்காடு போட்டு, மணல்மேல் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். அவளைக் கவனிக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ராசிக் கோலை நிமிர்த்தினான். நான் பிடியைக் கோட்டிலேயே வைத்து வந்து, வள்ளத்துக்குப் பக்கத்தில் சேர்ந்ததும் விசையை ஒரேயடியாகக் குறைத்தேன். அவன் முகம் மலர்ந்து தலையைக்கூட ஆட்டினான்.

அலை என் லாஞ்சைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய் வள்ளத்துக்குள் விழுந்தது. மணல் ஏற்றிய வள்ளம் கவிழாது, ஐயா. இருந்தபடியே கீழே போகும்.

கரையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த பிறிஜெற் அலறினாள். நான் விசையைக் குறைத்ததையும் லாஞ்சைத் திருப்பியதையும் கண்டவள் அவள்தான். நான் காப்பாற்றத்தான் திருப்பினேன் என்று மரண விசாரணையில் சத்தியம் செய்து சொன்னாள். நல்ல மனுசி. தண்ணீரில் ஆள் இருந்தால் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும். நான் நிறுத்தவில்லை. ராசிக் நீந்தி வந்து லாஞ்சின் பின்விளிம்பைப் பிடித்தான்.

“மெல்ல, அண்ணே,” என்றான்.

நான் மெல்லத்தான் லாஞ்சைப் பின்னுக்கு எடுத்தேன். புரொப்பெல்லர் முதலில் அவன் தொடையில் பட்டது, பிறகு வயிற்றில். மெதுவாகச் சுற்றும்போது அதற்குக் கூடுதலான நேரம் பிடிக்கிறது. எலும்பில் இடித்தபோது சுக்கான் என் கையில் அதிர்ந்தது. அரிசி மூட்டைகளில்கூட இரத்தம் தெறித்திருந்தது. விளிம்பைப் பிடித்த விரல்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

நஸீறா கோலைக் கட்டிக்கொண்டு மிதந்தாள். எல்லாவற்றையும் கண்டிருந்தும் கோலின் மறுமுனையை என்னிடம்தான் நீட்டினாள். வேறு யார் இருந்தார்கள் அங்கே. நான் அதை வாங்கி அவள் நெஞ்சில் ஊன்றி அழுத்தினேன், பச்சைச் சேலை கண்ணுக்கு மறையும்வரை. கரையிலிருந்து பார்த்தவளுக்குக் கோல் நீட்டி உதவுகிறவன்போலத்தான் இருந்திருக்கும்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் ராசிக்கின் மச்சான் ஸமீம், லாஞ்சு தாறுமாறாகப் பறந்து வந்தது என்று விசாரணையில் அழுதான். அந்த வளைவில் அவன் அன்றைக்கு இருக்கவே இல்லை. அவன் பேச்சை நம்பி, அளவுக்கு மீறிய வேகத்தால் நேர்ந்த விபத்து என்று முடிவு சொல்லி, என் லைசென்ஸைப் பறித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நேற்று இறங்குதுறையில் ஜாபிர் என் தோளில் கை போட்டான்.

“நீங்களும் எங்கட ஆள்தானே அண்ணே,” என்றான்.

கண்மண் தெரியாமல் ஓட்டுகிற தன் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டான்.

அதனால்தான் நானாகவே வந்தேன். இரண்டு பேரையும் வேண்டுமென்றே கொன்றேன். அலையால் மூழ்கடித்தேன், புரொப்பெல்லரால் வெட்டினேன், கோலால் அழுத்தினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். தூக்கு என்றாலும் சரி. வேகம் என்று மட்டும் எழுதாதீர்கள். சந்தேகம் என்றால் லாஞ்சில் ஏறிப் பாருங்கள், சிவப்புக் கோடு அங்கேதான் இருக்கிறது. நான் ஒருநாளும் அதைத் தாண்டி ஓட்டியதில்லை, ஐயா. அப்படி ஓட்டினால் ஆற்றில் இருக்கிற சனத்துக்கு ஆபத்து.