லயத்து ஜன்னலில் ஒரு நெஞ்சுப் படம்

சனிக்கிழமை. இருட்டி ஏழு மணி. போடிமெட்டைத் தாண்டிவிட்டால் அந்த நேரத்துக்குச் சாலையில் ஆள் கிடையாது. ஏலத்தோட்டத்து ஜீப்புகள் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். மூடுபனி மட்டும்தான்... அதுவும் தரையோடு தரையாக, பைக்கின் முன்சக்கரம் தெரியாத அளவுக்கு.

அந்தச் சாலையில்தான் ஃபஹீம் தனியாகப் போய்க்கொண்டிருந்தான்.

இதைச் சொன்னது மன்சூர். ஃபஹீம் அவனுக்குச் சின்னம்மா மகன். மெட்டுக்குக் கீழே மரம் சாய்ந்து ஜீப்பு நின்றுபோன ஒரு மழை ராத்திரியில், படுதாவை இறக்கிவிட்டு நாங்கள் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னான். ஃபஹீமுக்கு ஸ்கேன் சென்டரில் படம் எடுக்கிற சோலி என்றதுமே, ஜீப்பு ஓட்டிவந்த அழகுராஜா முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"ஏன் மாப்ளே, பேயைப் படுக்கப்போட்டு ஸ்கேன் எடுத்தானாக்கும்?"

எல்லோரும் சிரித்தோம். மன்சூர் சிரிக்கவில்லை.

"இல்லண்ணே. அவன் எடுத்தது அவுக அக்காவை."

ஃபஹீமுக்கு ஒரே அக்கா, மிஸ்பா. தாய் ரஹ்மத்துன்னிசா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியதும் அடித்ததும் படிக்க வைத்ததும் அவள்தான். மெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஜஹாங்கீருக்கு அவளைக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள், அப்ரின். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அக்காவுக்கு மல்லிகைப்பூவும் பிள்ளைக்குக் கிரீம் பன்னும் வாங்கிக்கொண்டு ஃபஹீம் மலையேறுவான். வாரம் தவறியதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரிலிருந்து ஈரவிறகுப் புகை வந்தது. புகைக்குள் இனிப்பாக ஒரு வாசனை... பக்கத்து அறையில் யாரோ பாயசப் பாத்திரத்தைத் திறந்த மாதிரி. வளைவில் பைக்கைச் சாய்த்துத் திரும்பும்போது, கீழே லயத்தில் வெளிச்சம் தெரிந்தது.

லயம் என்றால் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அதில் கடைசி வீட்டின் ஜன்னல். உள்ளே மஞ்சளாக ஒரு விளக்கு. ஜன்னல் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எக்ஸ்ரே படம். விளக்கு பின்னால் இருந்ததால் விலா எலும்புகள் வரிவரியாக எரிந்தன. இருட்டில் ஒரு நெஞ்சு மட்டும் தனியாக நின்ற மாதிரி.

ஃபஹீம் பயப்படவில்லை. சிரித்துக்கொண்டான். மலைமேல் இது வழக்கம். சரியாக விழாத படங்களைக் கட்டி சென்டரின் பின்வாசலில் போட்டால், ஜீப்புக்காரர்கள் எடுத்துப் போவார்கள். உடைந்த ஜன்னலில் ஆணியடித்தால் மழையும் இறங்காது, பனியும் நுழையாது.

ஆனால் தொழில் கண் சும்மா இருக்காது இல்லையா. போகிற போக்கிலேயே படித்துவிட்டான். வலது பக்கக் காறை எலும்பு கோணல், எப்போதோ முறிந்து தப்பாகக் கூடியது. அந்தக் கோணலுக்குப் பின்னால், நுரையீரலின் மேல்முனையில், ஏல விதை அளவுக்கு ஒரு வெளிச்சம். நுரையீரல் காற்று, அதனால் படத்தில் கறுப்பாக விழும். கறுப்புக்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டே போய்விட்டான்.

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னான். ஜஹாங்கீர் கையை உதறினார். "எந்த லயம் மாப்ளே? வளைவுக்குக் கீழ உள்ளதா? போன மழையில மண்ணு சரிஞ்சதுலருந்து அங்க ஒரு ஈ காக்கா கிடையாது. கரண்ட்டையே புடுங்கிட்டாய்ங்க."

அடுத்த சனிக்கிழமையும் விளக்கு எரிந்தது.

விதை, காயாகியிருந்தது. உரிக்காத ஒரு முழு ஏலக்காய்.

பைக்கை நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். காற்று நல்ல வேகம். மற்ற ஜன்னல்களில் கட்டிய சாக்கும் பிளாஸ்டிக்கும் படபடவென்று அடித்துக்கொண்டன. அந்தப் படம் மட்டும் அடிக்கவில்லை. வெளிப்பக்கமாக உப்பி... அப்படியே நின்றது. காற்று விட்டபோதும் தளரவில்லை.

மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும் நெஞ்சு மாதிரி.

அப்போதுதான் அந்தக் கோணல் எலும்பு அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

மிஸ்பா சின்ன வயதில் ஓடும் ஜீப்பின் பின்படியிலிருந்து விழுந்து முறித்துக்கொண்ட எலும்பு. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியும் கோணலாகத்தான் கூடியது. அந்த எலும்பை ஃபஹீம் ஒரே ஒரு தடவை படமெடுத்திருந்தான்.

சென்டருக்குப் புது எக்ஸ்ரே மெஷின் வந்த அன்று. போடியில் எதற்கும் போணி முக்கியம். கடையோ தராசோ, முதல் கை ராசியான கையாக இருக்கவேண்டும். பொட்டும் மாலையும் போட்ட மெஷின் முன்னால் முதலாளி ராஜாராம் யாரை நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தம்பிக்குச் சோற்று வாளியோடு மிஸ்பா வந்தாள். இடுப்பில் அப்ரின். 'ராசிக்காரப் பொண்ணு, நீயே போணி பண்ணித்தா ஆத்தா' என்றார் அவர். நோயில்லாத உடம்பில் கதிரைப் பாய்ச்சக்கூடாது என்று ஃபஹீமுக்குத் தெரியும். முதலாளியிடம் எப்படிச் சொல்வது? ஒரு படம்தானே. அதைப் பார்த்து 'எனக்கும், எனக்கும்' என்று பிள்ளை அடம்பிடிக்க, அதையும் பலகைமேல் ஏற்றி நிறுத்தி ஒன்று.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். திரையில் படம் பளிச்சென்று விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த வார்த்தை மறந்துபோனது. மிஸ்பா முகம் சிவக்க அப்படியே நின்றவள், கடைசியில் தானே புஸ்ஸென்று விட்டுவிட்டுச் சிரித்தாள். "நீ விடச் சொல்லவே இல்லையேடா!" அடுத்து நின்ற பிள்ளைக்கும் அவன் பிடிக்கத்தான் சொன்னான்.

பேர் போடாத படங்கள். இரண்டும் கழிவுக் கட்டில்தான் போயின.

மன்சூர் இதைச் சொன்னபோது முன் சீட்டில் தீக்குச்சி கிழிபட்டது. பீடி பற்றவில்லை. "அந்த லயத்து ஜன்னலுக்குப் படம் வச்சு ஆணி அடிச்சுக் குடுத்தது நாந்தாண்டா" என்றார் அழகுராஜா, திரும்பாமல். பிறகு கடைசிவரை அவர் கேலி பேசவில்லை.

ஃபஹீம் மறுநாளே அக்காவைக் கீழே கூட்டிவந்தான். இருமல் கிடையாது, சளி கிடையாது. கல்லு மாதிரி இருக்கிற என்னை எதுக்குடா அலைக்கழிக்கிற என்று வழியெல்லாம் திட்டினாள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மனசு கேட்காமல் சிடி ஸ்கேனில் படுக்கவைத்தான். அது நெஞ்சை ரொட்டி மாதிரித் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும். ஒவ்வொரு துண்டாக நகர்த்திக்கொண்டே வந்தான். காறை எலும்புக்குப் பின்னால், ஒரே ஒரு துண்டில்... ஏல விதை.

மதுரையிலிருந்து கம்ப்யூட்டரில் படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் செழியன் நல்ல மனிதர். பொறுமையாகவே போனில் விளக்கினார். "ரொம்பச் சின்னதுப்பா. பழைய தழும்பாக்கூட இருக்கலாம். ஓரம் வழவழன்னு உருண்டையா இருக்கு, முள்ளு முள்ளா இருந்தாத்தான் பயம். ஊசி போட்டுச் சதை எடுக்கவும் தோது இல்ல. மூணு மாசம் கழிச்சு மறுபடி எடு. வளர்ந்திருந்தா பார்ப்போம். அதுசரி, ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்கு ஏன் எடுத்த?"

என்ன சொல்வான்? ஆளில்லாத வீட்டு ஜன்னலில் பார்த்தேன் என்றா? டாக்டர் சொன்னதில் தப்பே இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஜன்னலில் அது நெல்லிக்காய் அளவு. ஓரமெல்லாம் பலாப்பிஞ்சு மாதிரி முள் கிளம்பியிருந்தது.

ஒரு நாள் பட்டப்பகலில் லயத்துக்கே இறங்கினான். ஓடு சரிந்து கிடந்தது. கதவுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தார்கள். உள்ளே இடுப்பளவு மண், அதில் முளைத்த காட்டுச் செடி. விளக்கு வைக்க இடமே இல்லை. ஜன்னலில் படம் இருந்தது, நாலு மூலையும் ஆணியோடு. கிழித்து எறிந்துவிடலாம் என்று கையை வைத்தான்.

சூடாக இருந்தது. காய்ச்சல் உடம்புச் சூடு.

ஒரு மூலை ஆணியை நெம்பினான். சட்டைப்பையில் போன் அடித்தது. ஜஹாங்கீர். "மாப்ளே, வெரசா வா. நல்லா நின்னுக்கிட்டிருந்தவ... திடீர்னு மூச்சு அடைக்குதுங்கிறா."

ஆணியைத் திரும்ப அழுத்தினான். போனுக்குள்ளே அக்கா இழுத்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது.

எடுக்கவும் முடியாது. விடவும் முடியாது. அவனால் முடிந்தது ஒன்றுதான். பார்ப்பது.

மூன்று மாசம் யாரும் காத்திருக்கவில்லை. அன்றைக்கே கீழே கொண்டுவந்து எடுத்த ஸ்கேனில், ஜன்னலில் பார்த்த அதே அளவு, அதே முள். இவ்வளவு சீக்கிரத்தில் எந்தக் கட்டியும் இப்படி வளர்ந்து மதுரை டாக்டர் பார்த்ததில்லையாம். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. வெட்டி எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். மிஸ்பா வீட்டுக்கே போகலாம் என்றாள்.

கடைசி நாள், விடிகிற நேரம். பாங்கு சொல்லி முடிந்திருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்டிய குப்பியில் தண்ணீர் குமிழி விடும் சத்தம். மிஸ்பாவின் நெஞ்சு உப்பியே கிடந்தது. உள்ளே போகும் மூச்சு வெளியே வரச் சிரமப்பட்டது. அப்ரின் தாயின் காலடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மிஸ்பா தம்பியைப் பார்த்தாள்.

"பிடிச்சுக்கிட்டே இருக்கேன்டா... வலிக்குது. நீ இன்னும் விடச் சொல்லலையே."

பிதற்றுகிறாள் என்று ஜஹாங்கீர் நினைத்தார். ஃபஹீமுக்குப் புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணை எடுக்கவேயில்லை.

"விடுக்கா" என்றான்.

அவள் விட்டாள். நீளமாக... புஸ்ஸென்று. அடுத்ததுக்காக அவன் காத்திருந்தான்.

அவளுக்காகப் பாத்தியா ஓதி முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை, பழக்கத்தில் மல்லிகைப்பூவும் வாங்கிவிட்டான். பாதி மலையில்தான் நினைவு வந்தது. வளைவில் நிறுத்தினான். சொட்டுக் காற்றில்லை. ஏல இலை ஒன்றுகூட அசையவில்லை. கடைசி ஜன்னலில் விளக்கு இல்லை. ஆனால் இருட்டுக்குள் சத்தம் வந்தது. டப்... டப்... படம் உள்ளே போய், வெளியே வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல். அலுத்துத் தூங்குகிற ஆள் மூச்சுவிடுகிற மாதிரி.

அவனுக்கு அழுகை வந்தது. ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

பக்கத்து ஜன்னலில் சாக்கைக் காணவில்லை. மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது.

முன்னால் ஒரு படம். சின்னச் சின்ன விலா எலும்புகள், கோழிக்குஞ்சுடையதைப் போல. கறுப்புச் சுத்தமாக இருந்தது, ஒரு பொட்டு இல்லை. படம் வெளிப்பக்கமாக உப்பி, அசையாமல் நின்றது.

அவன் வாயைத் திறந்தான். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தவன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தவன். வாயை மூடிக்கொண்டு பைக்கைக் கிளப்பினான்.

அக்கா வீட்டு வாசலில் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. பன்னை வாங்கிக்கொண்டது. பிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தது.

"மாமா, அம்மாவை மட்டும் விடச் சொல்லிட்டீங்க... என்னையச் சொல்லவே இல்லையே."