மறுமுனையை விடாத அக்கா

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து நிறைந்திருக்கும் சலவைக்கூடத்துச் சொந்தங்களே!

நம் சங்கத்தின் முன்னாள் செயலாளர், எங்கள் வெண்கல அக்கா மறைந்துவிட்டார். இயந்திர இரைச்சலையே அமுக்கும் குரல் அவருக்கு. அதனால் வந்த பட்டப்பெயர்.

நம் கூடத்துக்குச் சலவைக்கு வரும் ஆஸ்பத்திரி பெட்ஷீட்டைத் தனியாளாக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனை பிடிக்க வேண்டும். கடல் தாண்டிப் பிழைக்க வந்த என்னை அக்கா தன் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார். முதல் நாளே என்ன சொன்னார் தெரியுமா? “அளவா இழுடி! கயிறு இழுக்குற போட்டியா நடத்துறோம்?”

பிறகு அந்தக் கஷ்ட காலம் வந்தது. ஆலைகள் மூடின. பழி யார்மேல் விழுந்தது? வந்தேறிகள் என்று எங்கள்மேல்! எங்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போய் நாடு கடத்த, சலவைக்கூட வாசலுக்கே பஸ் வந்து நின்றது. மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, “இவ போனா அந்த இடத்துல உன் புருஷனப் போடுறேன்” என்றார். மாமா அப்போது வேலை போய் வீட்டிலிருந்தார். வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடு. அக்கா என்ன சொன்னார்? “அவரா? அவுத்துப்போட்ட சட்டையையே எடுக்க மாட்டாரு, பெட்ஷீட் மடிப்பாராக்கும்!” முன்வரிசையில் மாமா சிரிக்கிறார். சிரியுங்கள் மாமா, அக்காவுக்கும் அதுதான் பிடிக்கும்.

சொன்ன கையோடு, எங்களை ஏற்றியிருந்த பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து, உள்ளூர்ப் பெண்கள் எல்லோரும் அவரவர் ஜோடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நீலச் சீருடை. “உள்ளூர்க்காரங்க இறங்குங்க!” என்று அதிகாரி கத்தினார். யாராவது அசைந்தார்களா? “ஏத்தினா ரெண்டு பேரையும் ஏத்துங்க சார், இறக்கினா ரெண்டு பேரையும் இறக்குங்க!” அப்பப்பா, அக்காவுக்கு என்ன குரல்! சலவை நின்றுபோய், மாலைக்குள் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு விரிக்க பெட்ஷீட் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்களே வந்து அதிகாரியிடம் சண்டை போட்டார்கள். பஸ் காலியாகத் திரும்பியது.

மாமாவுக்கு அதன்பிறகு வெகுகாலம் வேலை கிடைக்கவில்லை. அக்கா ஒருநாளாவது அதை எனக்குச் சொல்லிக்காட்டியிருப்பாரா? இல்லை. என் உடன்பிறந்தவர்கள்கூட எனக்கு இவ்வளவு செய்ததில்லை.

இப்போது மறுபடியும் ஆலைகள் மூடுகின்றன. மறுபடியும் பஸ் வரப்போகிறதாம். என்னைப் போலவே கடல் தாண்டி வந்து, கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கும் புதுத் தங்கச்சிகளே, முன்னால் வாருங்கள்! நாளைக் காலை என் எதிரே ஆளில்லை. உங்களில் ஒருத்தி அக்காவின் முனையைப் பிடிக்க வேண்டும். எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. இந்த முறை உள்ளூர்க்காரி நான்தான்! பஸ் வரட்டும், உன் பக்கத்தில் நான் உட்காருவேன். நீ அளவா இழுடி, அது போதும்.