ரத்தத்தில் அரிவாள்

படப்பையில் ஏறியதிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அரைத்தூக்கமாக வந்துகொண்டிருந்தேன். "என் ரத்தத்துல அரிவாள் இருக்காம்க்கா" என்று முன்சீட்டிலிருந்து கேட்டதும் தூக்கம் ஓடிவிட்டது.

சொன்னவள் கூடலூர்ப் பக்கத்துப் பெண். உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போய்விட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்புகிறாள். பக்கத்தில் இருந்தவள் வல்லம் வடகால்காரி. கம்பெனியில் இருவருக்கும் ஒரே அசெம்பிளி லைனில் வேலை.

"இன்னாடி சொல்ற?"

"சிவப்பணு வட்டமா இருக்கணுமாம். எனக்கு அரிவாள் மாதிரி வளைஞ்சு ரத்தக் குழாய்ல அடைச்சுக்குதாம். அதான் அந்த எலும்பு வலி. அம்மாகிட்ட பாதி, அப்பாகிட்ட பாதி இருந்திருக்கு. பாதி மட்டும் இருந்தா நல்லதாம், மலேரியா கடுமையா தாக்காதாம். எனக்கு ரெண்டு பாதியும் சேர்ந்து வந்திருச்சு."

"கொசுவ வெட்டவா உங்க ரத்தம் அரிவாள் தூக்குச்சு?"

இருவரும் சிரித்தார்கள்.

"தண்ணி நிறைய குடிக்கணுமாம். குறைஞ்சா வளையுமாம்."

"நீதான் ஷிப்ட் முடியறவரைக்கும் ஒரு வாய் குடிக்க மாட்டியே."

"குடிச்சா பாத்ரூம் போகணும். ஒவ்வொரு தடவையும் லைன் லீடர்கிட்ட எப்பிடிக்கா கேக்குறது?"

"நீ கேக்காத. நான் கேக்கறேன். பாத்ரூம்ல பேய் கீது, தனியா போவ பயமா கீதுன்னு சொல்றேன். நீ துணைக்கு வா."

"கேண்டீன்ல பூந்த பாம்ப வாலைப் புடிச்சு வெளிய போட்டவ நீ. லீடர் நம்புவாரா?"

"நம்பாட்டி போறாரு. நீ பாட்டில் மூடியத் தொற, குடி."